கட்டாரி போன வீடு

கத்தியைக் கீழ வை தம்பி. கையில குடுக்காத. கீழ வை, நான் எடுத்துக்கிறேன். எங்கிட்டச் சாணைக்கு வர்றவன் எல்லாருக்கும் இது தெரியும். நீ போன கப்பல்ல வந்தவன், உனக்குத் தெரியாது, அதனால இந்தத் தடவை திட்டல.

வெட்டுக்கத்தியா? காட்டு வேலைக்குப் போட்டுட்டானா உன்னை? இதை வச்சு வாழைநாரைக் கூட அறுக்க முடியாது. சரி, இந்த வாரைப் பிடி. சக்கரத்துல சுத்தியிருக்கு பாரு, இந்தத் தோல் வார். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. நீ இழு, நான் கத்தியைக் கல்லுல வைக்கிறேன். சாணைக்கு எப்பவும் ரெண்டு ஆள் வேணும்.

என்ன பாக்குற? விளக்கா? பட்டப்பகல்ல எரிஞ்சா எரியட்டும். எண்ணெய் உங்கப்பன் வீட்டு எண்ணெயா? இந்தத் தீவுல தேங்காய்க்கா பஞ்சம்? நீ வாரைப் பாத்து இழு.

எந்த ஊரு? பேச்சைக் கேட்டாலே தெக்கத்தியான்னு தெரியுது. ஓ, ஆவரங்கோட்டையில இருந்து ரெண்டு காதம்தானா? அப்ப எங்க ஜமீன் உனக்குத் தெரிஞ்சிருக்கும். என்னது? என்ன சொன்ன? "அந்த நொண்டி ராசா"வா?

வாயை மூடுலே. இன்னொரு தடவை அந்தச் சொல்லைச் சொன்னா, உன் பல்லு இந்தக் கல்லுக்கு அடியிலதான் கிடக்கும். நான் முன்கோபக்காரன் இல்ல, தீவுல யாரை வேணாலும் கேட்டுப் பாரு. வந்து பதிமூணு வருசத்துல மூணு பேரைத்தான் அடிச்சிருக்கேன். அதுல ஒருத்தன் தானா வழுக்கி விழுந்தான்.

சொல்ல வந்ததை அப்படியே வச்சிரு. நான் கேக்கும்போது சொன்னாப் போதும். அதுக்கு முந்தி நான் யாருன்னு தெரிஞ்சுக்க. ஆவரங்கோட்டை ஆயுதசாலையில சாணை பிடிச்ச பலவேசம் நான்தான். ஆமா, அந்தப் பலவேசம்தான். எந்திரிக்காத. உக்காரு. இழு.

எங்க ஜமீன்ல ஒரு கட்டாரி உண்டு, கேள்விப்பட்டிருப்ப. முழங்கை நீளம், கைப்பிடி வெள்ளி. ராசாவுக்குப் பட்டத்து ராணியை மட்டும்தான் ராசாவே போய்த் தாலி கட்டிக் கூட்டிட்டு வருவாக. அதுக்குக் கீழ உள்ள பொண்ணுகள் வீட்டுக்கு ராசா காலெடுத்து வைக்க மாட்டாக, கவுரவக் குறைச்சல். அங்கெல்லாம் கட்டாரிதான் போகும். மணையில கட்டாரியை வச்சு, அதுதான் மாப்பிள்ளைன்னு தாலி கட்டிருவாக. அப்புறம் அந்த வீட்டுக்குப் பேரே "கட்டாரி போன வீடு"தான். கட்டாரி உள்ள வந்த உடனே ஒரு விளக்கு ஏத்துவாக. ராசா உசுரோட இருக்கிற வரைக்கும் அது அணையாது. ராசா போயிட்டாகன்னா, அரமனையில இருந்து ஒரு ஆள் வந்து வாசல்ல நின்னு, தெருவுக்கே கேக்குற மாதிரி "விளக்கைக் குளிர வையுங்க"ன்னு சத்தம் போடுவான். அப்பத்தான் அந்தப் பொண்ணு விளக்கை அணைக்கலாம்.

அந்தக் கட்டாரியைத் துடைக்கிறதும் தூக்கிட்டுப் போறதும் எங்க குடும்பத்து வேலை. பெரிய ராசாவுக்குக் கடைசியாக் கட்டின ரெண்டு வீட்டுக்கும், சின்னப் பயலா இருக்கும்போதே, நான்தான் தூக்கிட்டுப் போனேன். கல்யாணத்துக்குப் போனா சிவப்புப் பட்டுல சுத்தி, மஞ்சள் வச்சுப் போகும். சாணைக்கு வந்தா சாக்குல சுத்தி வரும். இதை மனசுல வச்சுக்க. என் வாழ்க்கையே இந்தப் பட்டுக்கும் சாக்குக்கும் நடுவுல மாட்டிக்கிட்டதுதான்.

பெரிய ராசா செத்தப்போ மகனுக்கு ஒம்பது வயசு. சர்க்கார் பிள்ளையைப் பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போயி இங்கிலீசு படிக்க வச்சான். ஊர்ல ஆட்சி பூரா அவுக சித்தப்பா வன்னியத்துரை கையில. ராசா பேரு குமாரலிங்கம். இருபத்தோரு வயசுல ஊருக்குத் திரும்பி வந்தாக, காலுல பூட்ஸு, சட்டையில கடிகாரச் சங்கிலி, மூக்குத் துடைக்க வெள்ளைத் துணி. எங்களுக்கெல்லாம் சிரிப்பு.

நான் "அவுக அவுக"ங்கிறதுக்கு நீ எதுக்குச் சிரிக்கிற? ராசாவை வேற எப்படிச் சொல்றது? உன் பொண்டாட்டி உன்னை அப்படிச் சொன்னா அது அவ பாடு. எங்க ஊர்ல ராசாவுக்கும் அந்தச் சொல்லுதான்.

அந்த வருசம்தான் மகாராணி பட்டத்துக்கு வந்து அம்பது வருசம்னு ஊரெல்லாம் தோரணம் கட்டினாங்க. போன மாசம் செத்துப்போச்சுன்னு இங்க கொடியைப் பாதியில இறக்கி விட்டானே, அதே கிழவிதான். அரமனை முத்தத்துல கம்பு வீச்சு வச்சாங்க. ராசா கம்பெடுத்து நின்னாக. எதுத்து நின்னவன் எல்லாம் ரெண்டு சுத்து சுத்திட்டு, தொடாமலே கீழ விழுந்து கும்பிட்டான். அஞ்சு பேர் விழுந்தாங்க. அவுக முகத்தைப் பாத்தேன். அவமானத்துல சிவந்து கிடந்துச்சு. தன்னை யாரும் ஒரு ஆளா மதிச்சு அடிக்கலையேன்னு நிக்கிற முகம் அது.

ஆறாவது ஆள் நான். எனக்கு விழுந்து கும்பிடத் தெரியாது. இடது பக்கம் திறந்து கிடந்துச்சு, போட்டேன் ஒரு போடு. காரை எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு.

வன்னியத்துரை என்னைத் தூண்ல கட்டி நாப்பது அடி போடச் சொன்னான், புளியமிளாறால. பச்சை மிளாறு. பதினோராவது அடியில முதுகு கிழிஞ்சுது. பன்னெண்டாவது அடிக்கு அடிக்கிறவன் கை மேலயே நின்னுச்சு. ராசா ஒரு கையைத் துணியில கட்டித் தொங்க விட்டுக்கிட்டு, இன்னொரு கையால மிளாறைப் பிடிச்சு நின்னாக. "எனக்கு ஒரு எலும்புதான் உடைஞ்சுது. பதினோரு அடியே கூடுதல்"னாக.

அன்னைக்குச் சாயங்காலம் ஆயுதசாலைக்கு வந்தாக. வாசல்லயே பூட்ஸைக் கழட்டுனாக தம்பி. அரமனைக்குள்ளயே கழட்டாத மனுசன். என் முதுகுக்கு விளக்கெண்ணெய் போட்டாக, ஒத்தைக் கையால. ஜமீன்ல ஒருத்தன் மேல ராசா கை பட்டா அது அடிக்கத்தான் படும். எண்ணெயோட பட்டதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். எனக்கு அழுகை வந்துச்சு. வலின்னு சொன்னேன். "அடுத்த தடவை இடது பக்கத்தை விட மாட்டேன்"னாக. அதுக்கப்புறம் எட்டு மாசம் தினம் கம்பு வீசினோம், தினமும் இடது பக்கத்தை விட்டாக. அவ்வளவு பெரிய படிப்புப் படிச்சும் அது மட்டும் மண்டையில ஏறவே இல்ல.

இழு. நிறுத்தாத.

கம்பு முடிஞ்சு மல்லுக்கட்டுவோம். ஒரு நாள் பிடிச்ச பிடியை அவுக விடல. நானும் விடல. அதுக்கு மேல உனக்குச் சொல்ல மாட்டேன், அது உனக்குத் தேவையில்ல. ஆனா நான் சந்தோசமா இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. ஆயுதசாலைக்குள்ள பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு அவுக ஆணை. லிங்கம்னு கூப்பிட்டேன். நாக்கு கூசும், ஆனாலும் கூப்பிட்டேன். சாணைக்கு ரெண்டு ஆள் வேணும்னு சொன்னேன்ல. அவுகதான் வார் இழுத்தாக. நீ உக்காந்திருக்கிற மாதிரி, தரையில சப்பணம் போட்டு, கடிகாரச் சங்கிலி தொங்கத் தொங்க. உள்ளங்கை தோலு உரிஞ்சுது. உன்னை விட நல்லா இழுப்பாக.

இதை ஒருத்தரு விசுவாசம்னு சொல்லலாம், சேவகம்னு சொல்லலாம். நான் பேர் வைக்கல.

ஐப்பசி பிறந்த உடனே வன்னியத்துரை ராசாவுக்குப் பொண்ணு பாத்தான், அவன் பொண்டாட்டி வழியில. பரிசம் போட நாள் குறிச்சாச்சு. பொண்ணு வீட்டு ஆளுக அரமனையிலயே தங்கினாக, ராசாவால வெளிய வர முடியல. எனக்கு அந்த ஒரு வாரமும் கோவம். யார் மேலன்னு தெரியல. லாயத்துக்காரன் ஒருத்தன் ஏதோ சிரிச்சான்னு அவன் மூக்கை உடைச்சேன். ராசான்னா கல்யாணம் கட்டித்தான் ஆகணும், எனக்குத் தெரியாதா? நான் வருத்தப்படல. கோவம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, மதியம் கஞ்சி குடிச்சிட்டிருக்கேன், அரமனைச் சேவகன் வந்து என் கையில ஒரு பொருளைக் குடுத்தான். "ராசா உங்கிட்டக் குடுக்கச் சொன்னாக"ன்னான். அவ்வளவுதான். போயிட்டான். பிரிச்சுப் பாத்தா கட்டாரி.

எதுல சுத்தியிருந்துச்சு தெரியுமா? பட்டும் இல்ல, சாக்கும் இல்ல. அவுக மூக்குத் துடைக்கிற வெள்ளைத் துணி!

நீயே சொல்லு, நான் என்னன்னு நினைக்க? பட்டணத்துல வளந்த மனுசன், முறை தெரியாம, கையில கிடைச்ச துணியில சுத்திச் சாணைக்கு அனுப்பியிருக்கலாம். பரிசம் வருதே, கட்டாரியைத் துலக்கி வைக்கணும்ல? இல்ல, முறை தெரிஞ்சேதான் அனுப்பியிருக்கலாம். பட்டு எடுத்தா சித்தப்பனுக்குத் தெரிஞ்சுரும்னு தன் துணியில சுத்தியிருக்கலாம். உக்காந்து பாத்தேன். மோந்து பாத்தேன். அரமனைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சுது. கேக்கல. கேட்டு, "சாணைக்குத்தான்"னு சொல்லிட்டா? அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சியோட அந்த வாசல்ல நிக்க?

சாணை பிடிக்கவும் இல்ல. பிடிச்சா அது சாணைக்கு வந்ததுன்னு ஆயிரும்ல. மணையில வச்சேன். விளக்கு ஏத்தினேன். அஞ்சு நாள் எண்ணெய் ஊத்தினேன், அணையாம. எனக்கு அப்போ வயசு இருபத்தஞ்சு, பத்து ஆளைக் கம்பால விரட்டினவன். விளக்குத் திரியைத் தூண்டி விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஆறாவது நாள் பரிசத் தட்டுல வைக்கக் கட்டாரியைத் தேடியிருக்காங்க. காணோம். சேவகனை நாலு சாத்து சாத்தின உடனே அவன் என் பேரைச் சொல்லிட்டான். உச்சிவேளைக்கு வன்னியத்துரை அஞ்சு ஆளோட என் வீட்டுக்கு வந்தான். உள்ள வந்தவன் மணையைப் பாத்தான். விளக்கைப் பாத்தான். என்னைப் பாத்தான். அவன் பட்டணத்துல வளரல, முறை தெரிஞ்சவன். அப்புறம் சிரிச்சான் பாரு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்.

"ஏலே, மாப்பிள்ளை வந்துட்டாரு. தாலி எங்கலே?"ன்னான்.

அஞ்சு பேரும் என்னைப் பிடிச்சாங்க. ரெண்டு பேருக்கு நான் கையை முறிச்சேன், ஆனா அஞ்சு பேர். மண்டையில உலக்கையால போட்டாங்க. ரத்தம் கண்ணுக்குள்ள இறங்குச்சு. வேட்டியை உருவிட்டு, பக்கத்து வீட்டுக் கொடியில காஞ்ச சேலையை எடுத்து எனக்குச் சுத்தினாங்க. மஞ்சக்கயிறு ஒண்ணு கொண்டு வரச் சொல்லி வன்னியத்துரையே என் கழுத்துல கட்டினான். தெருவெல்லாம் ஆளு. "இப்படியே அரமனை வாசலுக்கு இழுத்துட்டுப் போங்க. பொண்ணு வீட்டார் பாக்கட்டும், மூத்தாள் இருக்கான்னு"ன்னான்.

அது கூடப் பரவாயில்ல தம்பி. சேலை கட்டினா எனக்கு என்ன, அடி வாங்கினா எனக்கு என்ன. பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வெளிய கிளம்பும்போது அவன் திரும்பி, காலைத் தூக்கி, மணையில இருந்த கட்டாரியை ஒரு உதை உதைச்சான். விளக்கும் சேந்து கவுந்துச்சு.

ஆயுதசாலைக்காரன் முன்னால ஆயுதத்தைக் காலால உதைக்கலாமா? அதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல. கோர்ட்டுல இதைத்தான் சொன்னேன்.

கட்டாரி உருண்டு என் கால்கிட்ட வந்துச்சு. எடுத்தேன். பிடிச்சிருந்தவன் தோள்ல ஒரு கீறல், விட்டுட்டான். வன்னியத்துரை வயித்துல வச்சேன். உள்ள இறங்கல. மொட்டைக் கட்டாரி! நான்தான் சாணை பிடிக்கலையே. ரெண்டு கையாலயும் அமுக்கினேன். அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். மறுபடி எடுத்து மறுபடி குத்த வேண்டியதாப் போச்சு. ஏழு தடவை. அந்த மனுசன் கத்தின கத்து இருக்கே, தெருவுல நின்னவன் பூரா ஓடிட்டான். சாணை பிடிச்சு வச்சிருந்தா ஒரே குத்துல முடிஞ்சிருக்கும், அவனுக்கும் அவ்வளவு வேதனை இருந்திருக்காது. அந்த ஒண்ணுதான் எனக்கு வருத்தம். என் தொழில்ல நான் அப்படி ஒரு ஆயுதத்தை ஒரு நாளும் வெளிய விட்டதில்ல.

அவன் செத்தப்புறம் விளக்கை நிமித்தி வச்சேன். போலீசு வர்ற வரைக்கும் எரிஞ்சுது. சேலையோடதான் விலங்கு மாட்டினாங்க.

கல்லுக்குத் தண்ணி விடு, அந்தச் சிரட்டையில இருக்கு. ம். இழு.

ஜில்லா கோர்ட்டுல கேஸு. சர்க்கார் வக்கீல் என்ன சொன்னான்? சித்தப்பன் செத்தா லாபம் ராசாவுக்கு, அதனால ராசாதான் ஆயுதத்தைக் குடுத்து ஏவி விட்டிருக்கணும்னு ஆரம்பிச்சான். எனக்கு உள்ளுக்குள்ள தீப்பிடிச்சுது. நான் எந்திரிச்சு, "கட்டாரியை நான் திருடினேன். அரமனைப் பெட்டியை உடைச்சுத் திருடினேன்"னு சொல்லிட்டேன். திருடி வச்சிருந்து கொன்னா தூக்குதான். தெரிஞ்சேதான் சொன்னேன். எனக்கு அது பெருசாத் தெரியல. ஆனா திருடினேன்னு சொன்ன உடனே இன்னொண்ணும் போச்சு பாரு. எனக்குன்னு வந்த பொருளை எனக்கு வரலைன்னு நானே சொல்லியாச்சு. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

ராசாவைச் சாட்சிக் கூண்டுல ஏத்துனாங்க. கோர்ட்டுக்குள்ள நிக்க இடமில்ல. எங்க ஜமீன் ஆளு பூரா வந்திருக்கான், வன்னியத்துரை மகன் முன்னால நிக்கிறான். ஜட்ஜு வெள்ளைக்காரத் துரை, தமிழ் ஒரு சொல்லு தெரியாது. ராசாவுக்கு இங்கிலீசு தெரியும். ஆனா அன்னைக்கு "நான் தமிழ்லதான் சொல்லுவேன்"னுட்டாக. தமிழை இங்கிலீசாக்கிச் சொல்ல தெரவியம் பிள்ளைன்னு ஒருத்தர், தலைப்பாவும் மூக்குக்கண்ணாடியுமா, ஜட்ஜுக்குப் பக்கத்துல நின்னார்.

சர்க்கார் வக்கீல் கட்டாரியைத் தூக்கிக் காமிச்சுக் கேட்டான். "இதை இவன் திருடினதாச் சொல்றான். உண்மையா? இல்ல, சாணைக்கு அனுப்பினீங்களா?"

அவுக வக்கீல் முந்தின நாளே சொல்லிக் குடுத்தாச்சு, சாணைக்குன்னு சொல்லிருங்கன்னு. நான் கூண்டுல இருந்து தலையை ஆட்டுறேன், திருட்டுன்னு சொல்லுங்கன்னு. ரெண்டு வழி இருந்துச்சு அந்த மனுசனுக்கு. ரெண்டுல எதைச் சொன்னாலும் சாயங்காலம் அரமனையில போயிப் படுத்திருக்கலாம்.

கட்டாரியைப் பாத்தாக. அப்புறம் என்னைப் பாத்தாக. மெதுவாப் பேசுற மனுசன், அன்னைக்குச் சத்தமாப் பேசினாக.

"திருடல. சாணைக்கும் அனுப்பல. எங்க முறைப்படி அனுப்பினேன். அது கட்டாரி போன வீடு."

அத்தனை பேருக்கும் அதுக்கு அர்த்தம் தெரியும். வெளிய குதிரைக்குத் தண்ணி காட்டினவனுக்கும் தெரியும். ஜட்ஜுக்கு மட்டும் தெரியல. "என்ன சொல்றார்?"னு தெரவியம் பிள்ளையைப் பாத்துக் கேட்டான். பிள்ளைவாள் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தா எங்க ரெண்டு பேருக்குமே சர்க்கார் சட்டத்துல தனியா ஒரு தண்டனை இருக்கு, ஆயுசுக்கும் உள்ள போடலாம். எனக்கு ஜெயில்ல ஒருத்தன் அப்புறம் சொன்னான். பிள்ளைவாள் கண்ணாடியை மாட்டிக்கிட்டு இங்கிலீசுல நீளமா ஏதோ சொன்னார். என்னன்னு கேட்டா, "இந்த ஜமீன்ல ஒரு வழக்கம். ராசா ரொம்ப நம்புற ஆளு வீட்டுல இந்த ஆயுதத்தைக் காவலுக்கு வைப்பார். அது இருக்கிற வீட்டைத் தன் வீடா நினைப்பார். அதைக் காலால தொட்டா ராசாவையே தொட்ட மாதிரி"ன்னாராம். ஒரு சொல்லும் பொய்யில்ல, பாத்துக்க. ஜட்ஜு தலையை ஆட்டி எழுதிக்கிட்டான். காவல்காரன், ஆத்திரத்துல செஞ்சுட்டான்னு எழுதினான். அதுலதான் தூக்கு போயித் தீவாந்தரம் ஆச்சு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "பொய்! பொய் சொல்றாக! நான் திருடினேன்!"னு கத்தினேன். ரெண்டு போலீசுக்காரன் என் வாயிலயே தடியால போட்டான். இந்த முன்பல்லு ரெண்டும் அங்க போனதுதான். கீழ கிடக்கேன், வாயெல்லாம் ரத்தம், சிரிப்பு தாங்கல எனக்கு. சாணைக்கு இல்லலே, சாணைக்கு இல்ல! அஞ்சு நாள் விளக்கு ஏத்தினது வீண் போகல. அடிக்க அடிக்கச் சிரிச்சேன். பைத்தியம்னு நினைச்சாங்க.

புத்தி கெட்ட மனுசன். இதுதான் எனக்கு அவுக மேல உள்ள குறை, பதிமூணு வருசமாச் சொல்லிட்டு வர்றேன். ஒரு சொல்லு, "சாணைக்கு"ன்னு ஒரே ஒரு சொல்லு, சொல்லியிருக்கக் கூடாதா? என்னைத் தூக்குல போட்டா என்ன குறைஞ்சு போச்சு? பட்டணம் போய்ப் படிச்சு என்ன பிரயோசனம்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், வேணாம்னு. கேக்காம எல்லாத்தையும் தானே முடிவு பண்றது! இப்ப நினைச்சாலும் ஓங்கி ரெண்டு அறை விடலாம்னு வருது.

வெளிய என்னை வண்டியில ஏத்துறாங்க. அவுக கோர்ட்டுப் படியில இறங்கி வந்தாக. தனியா. கூட வந்தவன் ஒருத்தனும் பக்கத்துல இல்ல, எல்லாரும் ஒதுங்கி வழி விட்டு நிக்கிறான். கிழவன் ஒருத்தன் காறித் துப்பினான். மேல் துணியிலயே விழுந்துச்சு. அவுக துடைக்கல. வன்னியத்துரை மகன் கம்போட வந்தான், இரும்புப் பூண் போட்ட கம்பு. அவுக கையிலயும் ஒரு கைத்தடி இருந்துச்சு. எட்டு மாசம் எங்கூடக் கம்பு வீசின கை அது, அந்தப் பயல ரெண்டு வீச்சுல படுக்கப் போட்டிருக்கலாம். தடியைத் தூக்கவே இல்ல. அவன் அப்பனை நான் கொன்னதுக்கு ஈடுன்னு நினைச்சாகளோ என்னவோ. நான் வண்டிக்குள்ள விலங்கோட கிடந்து "இடது பக்கம்! லிங்கம், இடது பக்கம்!"னு தொண்டை கிழியக் கத்துறேன். அத்தனை சனத்துக்கு முன்னால பேர் சொல்லிக் கத்துறேன். முழங்கால்ல விழுந்துச்சு அடி. இடது முழங்கால். எலும்பு உடைஞ்சது வண்டி வரைக்கும் கேட்டுச்சு. படியிலயே உக்காந்தாக. உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்துக் கையை அசைச்சாக, ஊருக்குப் போறவனுக்கு அசைக்கிற மாதிரி.

வண்டி திரும்பிருச்சு.

அப்புறம் ஜமீன் அந்தப் பயலுக்குப் போச்சுன்னு இங்க வந்த ஒருத்தன் சொன்னான். ராசாவுக்குப் பழைய லாயத்துல ஒரு அறை குடுத்தாகளாம், கூட உக்காந்து சோறு திங்க ஆளில்லையாம். அதுக்கு மேல அவனைச் சொல்ல விடல. அடிச்சுட்டேன். மூணு பேர்ல அவன் ஒருத்தன்.

இங்க முதப் பத்து வருசம் கூட்டத்தோட கொட்டடியில கிடந்தேன், விளக்கு வைக்க விட மாட்டான். அந்தப் பத்து வருசம் முறைப்படி சேருமா சேராதான்னு எனக்குத் தெரியல. தனிக்குடிசைக்குச் சீட்டுக் குடுத்த அன்னைக்கு முதல்ல இந்த விளக்கைத்தான் ஏத்தினேன். அடுப்பு ரெண்டாவதுதான். அன்னையில இருந்து எவன் கையில இருந்தும் நேரா இரும்பை வாங்க மாட்டேன். கையில வாங்கினது ஒண்ணு போதும்.

தெக்க இருந்து கப்பல் வந்தா ஆள் வரும். நம்ம பக்கத்து ஆளுன்னா எனக்குத் தெரிஞ்சுரும். ஒருத்தன்கிட்டயும் நான் கேட்டதில்ல. கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா? அன்னைக்கு அரமனைக்குப் போய்க் கேக்காத மாதிரிதான். அதே புத்திதான். அன்னைக்குக் கேட்டிருந்தா அவுக எனக்குப் பதிலை வீட்டுக்குள்ள வச்சே சொல்லியிருப்பாக. கோர்ட்டுல சொல்லியிருக்க வேண்டியதில்ல. காலு போயிருக்காது. வன்னியத்துரை கூட இருந்திருப்பான், பாவம். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அதனால இப்போ கேக்குறேன். வந்த உடனே அந்தச் சொல்லைச் சொல்லி ஆரம்பிச்சியே. நான் அடிக்க மாட்டேன். கத்தியை உன் பக்கமா வச்சிருக்கேன் பாரு. முடி அதை. அவுக இருக்காகளா?

ஏன் வாரை விட்டுட்ட?

சரி.

சரி தம்பி, புரியுது. தலையைத் தூக்கு. உன் மேல என்ன தப்பு. எப்போ? போன ஐப்பசியா? ஐப்பசியிலதானா. லாயத்து அறையிலயேவா? யாரு தூக்கினா? நாலு பேராவது வந்தானா? ம். மழையா இருந்திருக்கும்.

கத்தி ஒரு பக்கம் இன்னும் மொட்டையாத்தான் இருக்கு. நாளைக்கு வா, மறுபக்கம் பிடிச்சுத் தர்றேன். மொட்டைக் கத்தியை நான் வெளிய விட மாட்டேன்.

போறதுக்கு முந்தி ஒரு வேலை செய். எந்திரிச்சு வெளிய போ. வாசலுக்கு வெளிய, அந்தக் கல்லுமேல நில்லு. அரமனையில இருந்து எனக்கு யாரு ஆள் அனுப்புவா? அவுக ஊருக்கு ரெண்டு காதத்துல இருந்து, கடலைத் தாண்டி, நீதான் வந்திருக்க. என்ன சொல்லணும்னு உனக்குத் தெரியும், இப்பத்தான் சொன்னேன்.

ம், சொன்ன. ஆனா காதுல ரகசியம் பேசுற மாதிரி சொல்ற. அப்படிச் சொல்லக் கூடாது. அந்தக் கொட்டடியில இருக்கிறவன், காட்டுல மரம் வெட்டுறவன், எல்லாவனுக்கும் கேக்கணும். கட்டாரி போன வீடு இது.

சத்தமாச் சொல்லு தம்பி. அப்பத்தான் நான் விளக்கை அணைக்க முடியும்.